ஏழு வாரம் தள்ளிப்போட்டால் சரியாகிவிடுமா? ஏஜென்டிடம் எப்போது பேச வேண்டும்

மதுரை செல்லூரிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம் இது.

அவரும் கணவரும் சுங்குடிச் சேலைத் தொழில் செய்கிறார்கள். கணவருக்கு 49 வயது. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவ பாலிசி இருக்கிறது. இன்னும் ஏழு வாரத்தில் அதற்கு மூன்று ஆண்டு முடிந்து புதுப்பிக்க வேண்டும். பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட், கணவரின் சித்தப்பா மகன். சர்க்கரை இருப்பதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அதைப் போட்டா பிரீமியம் ஏறும் அண்ணி. மூணு வருஷம் ஓடிட்டா கம்பெனிக்காரன் எதையும் கேக்க முடியாது" என்று சொல்லி, படிவத்தில் 'இல்லை' என்று அவரே நிரப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். முதல் பிரீமியத்தில் 2,000 ரூபாயைக் கையில் திருப்பியும் கொடுத்திருக்கிறார். இப்போது கணவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஏழு வாரம் பொறுத்து, மூன்று ஆண்டு முடிந்ததும் செய்துகொண்டால் பிரச்சினை வராதுதானே என்று கேட்கிறார்.

கூடவே இரண்டு கவலைகள். மாடியில் இருந்த சேலைச் சரக்கைப் போன ஆண்டு ஒரு கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றினார்கள். வங்கிக் கடனோடு எடுத்த 8 லட்ச ரூபாய்ப் பாலிசி அதற்கு இருக்கிறது. இடம் மாறியதைக் கொழுந்தனாரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. 2024 அக்டோபர் மழையில் செல்லூருக்குள் தண்ணீர் புகுந்ததைக் கண்ணால் பார்த்த பயம் போகவில்லை என்கிறார். அடுத்தது, கணவரின் ஆயுள் காப்பீட்டில் நாமினியாக இருந்த மாமியார் காலமாகிவிட்டார். "எல்லாத்துக்கும் அவருக்கே போன் போட்டா நச்சரிக்கிறோம்னு நினைப்பாரோன்னு கூச்சமா இருக்கு. ஏஜென்டுகிட்ட எப்பத்தான் பேசணும்? ஏதாவது ஒண்ணு வந்தப்புறம் பேசினா போதாதா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஆபரேஷன். மூன்று ஆண்டுக் கணக்கை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பித்தப்பையில் சீழ் வைத்தால் வேகமாக முற்றும். காய்ச்சல், விடாத மேல்வயிற்று வலி, கண்ணில் மஞ்சள் என்று ஏதாவது தெரிந்தால் பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பீட்டுக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த 'மூன்று ஆண்டு' எங்கிருந்து வந்தது

உங்கள் கொழுந்தனார் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆயுள் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து மருத்துவ பாலிசியில் போட்டுவிட்டார். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 45-ஆம் பிரிவு, 2015-இல் திருத்தப்பட்ட வடிவம்: ஆயுள் பாலிசி மூன்று ஆண்டைத் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. இது ஆயுள் பாலிசிக்கு மட்டும்.

மருத்துவ பாலிசிக்கு வேறு கணக்கு. அதிலும் ஒரு 36 மாதம் உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு பரவியிருக்கிறது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்தான் காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஆனால் உங்கள் பாலிசிப் பத்திரத்தில் அதைப் பற்றிய பிரிவின் கடைசி வரியைப் படியுங்கள். விண்ணப்பிக்கும்போது தெரிவித்து, கம்பெனி ஏற்றுக்கொண்ட நோய்க்குத்தான் காத்திருப்பு முடிந்ததும் பணம் உண்டு என்று இருக்கும். தெரிவிக்காத நோய்க்கு 36 மாதம் ஓடியும் பயனில்லை.

தெரிவிக்காமல் விட்டதற்காகக் கம்பெனி கேள்வி கேட்க முடியாத நிலை வருவது 60 மாதம் இடைவிடாமல் பாலிசி நடந்த பிறகு. முன்பு அது எட்டு ஆண்டாக இருந்தது, 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். அந்த 60 மாதத்துக்குப் பிறகும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். ஆக, ஏழு வாரம் கழித்து உங்களுக்கு முடிவது 36 மாதம். இன்னும் 24 மாதம் மிச்சம் இருக்கிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அந்த இரண்டு ஆண்டில் வரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் செலவும் ஆபத்தில் நிற்கும். தெரிந்தே மறைத்தார்கள் என்று காட்டிவிட்டால் அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. இந்த வழியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அவரிடம் சொன்னால் கம்பெனிக்குச் சொன்னதாகுமா

ஆகாது. உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "அவர்கிட்ட சொல்லிட்டோம்" என்று வருகிறது. மூன்று இடத்திலும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஏஜென்ட் கம்பெனியின் ஆள்தான். ஆனால் கம்பெனி பார்ப்பது படிவத்தில் என்ன எழுதி யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை. படிவத்தை வேறொருவர் நிரப்பினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று 2019-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்க்கரையை மறைத்தது மருத்துவ பாலிசியில் முக்கியமான மறைப்புத்தான் என்று 2009-இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஒன்றில், சர்க்கரை இருப்பதை முன்பே சொல்லிப் பயணக் காப்பீடு எடுத்தவருக்கு வெளிநாட்டில் மாரடைப்பு வந்தது. கம்பெனி மறுத்தது. நோயைச் சொன்ன பிறகு ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டவர்கள் அதே நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்று அவர் பக்கம் நின்றது உச்ச நீதிமன்றம். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் உண்மையை எழுதுங்கள் என்று எந்த வழக்கறிஞரும் சொல்வது இதனால்தான்.

கொழுந்தனார் செய்ததும் சரியில்லை. உண்மையை விட்டுவிடும்படி வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது என்பது ஏஜென்டுகளுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. 2,000 ரூபாய் திருப்பிக் கொடுத்ததும் அதே காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம், 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். கொடுப்பதை மட்டும் அந்தப் பிரிவு தடுக்கவில்லை, வாங்குவதையும் தடுக்கிறது. அடுத்த முறை அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் என்ன செய்வது

டாக்டர் சில வாரம் பொறுக்கலாம் என்றால், உங்களுக்கு உள்ள நல்ல வழி இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது. பாலிசி கணவர் பெயரில் இருந்தால் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். பாலிசி எண், படிவத்தில் நீரிழிவுக் கேள்விக்கு 'இல்லை' என்று பதிவாகியிருப்பது, இந்த ஆண்டு, இந்த மாதம் நோய் கண்டறியப்பட்டது, இந்த மாத்திரை சாப்பிடுகிறார், அன்றே ஏஜென்டிடம் வாய்மொழியாகச் சொன்னோம், படிவத்தை அவர் நிரப்பினார், நாங்கள் கையெழுத்திட்டோம், இதைப் பதிவு செய்து பாலிசியின் நிலையை எழுத்தில் தெரிவியுங்கள். இவ்வளவு போதும். நடக்காத ஒன்றைச் சேர்க்காதீர்கள், யாரையும் திட்டாதீர்கள். மதுரைக் கிளையில் நேரில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். அதையே கம்பெனி மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். கம்பெனி பிரீமியத்தைக் கூட்டலாம். சர்க்கரைக்கும் அதன் தொடர் நோய்களுக்கும் புதிதாகக் காத்திருப்பு வைக்கலாம். பாலிசியையே ரத்து செய்யவும் செய்யலாம். ஆனாலும் இப்போது தெரிவதும், ஆபரேஷன் மேஜையில் ஏறிய பிறகு தெரிவதும் ஒன்றல்ல. பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு இருக்கும். அது உங்களுக்கு முடிந்திருக்கும். கல்லுக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று வாதாடவும் இடம் உண்டு. ஆனால் அது கிளைம் மறுக்கப்பட்ட பின் நுகர்வோர் ஆணையத்தில் பேசும் வாதம். டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் நின்றுகொண்டு அதைப் பேச முடியாது.

வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். மாற்றலாம். ஓடிய காத்திருப்பு மாதங்களும் கூடவே வரும். புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாளாவது முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்று பாலிசிப் பத்திரங்களில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு ஏழு வாரம், அதாவது 49 நாள். கையில் இருப்பது நான்கே நாள். புதிய கம்பெனி ஏற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. அங்கேயும் படிவத்தில் சர்க்கரைக் கேள்வி வரும், உண்மையைத்தான் எழுத வேண்டும். ஆபரேஷன் நெருங்கும் நேரத்தில் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பொறுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், கடிதத்தைக் கொடுத்துவிட்டு அட்மிட் ஆகுங்கள். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். அட்மிஷன் அன்று இரவு டூட்டி டாக்டர் வந்து கேள்வி கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். "சுகர் எத்தனை வருஷமா?" என்பார். வலியில் படுத்திருக்கும் மனிதர், "இருக்கும் சார், ஒரு ஏழெட்டு வருஷம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். அந்த ஒரு வரி டிபிஏ, அதாவது கம்பெனிக்காகக் கிளைம் வேலையைப் பார்க்கும் நிறுவனம், வழியாகக் கம்பெனிக்குப் போகும். கடிதத்தில் ஐந்து ஆண்டு, கேஸ் ஷீட்டில் எட்டு ஆண்டு என்றால் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். முதன்முதலில் சர்க்கரை என்று எழுதிய டாக்டர் சீட்டையும் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவையும் தேடி எடுத்து ஒரு கவரில் போட்டுக் கையில் வைத்திருங்கள். கேள்வி கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து அந்தத் தேதியைச் சொல்லுங்கள். மறைக்கவும் வேண்டாம், உத்தேசமாகவும் சொல்ல வேண்டாம்.

கம்பெனி கைவிட்டாலும் வழி இல்லாமல் போகாது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம்.

சரக்குப் பாலிசிக்கு அவர் ஏஜென்டே இல்லை

இங்கே நீங்கள் தவறான ஆளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பாலிசி வங்கி வழியாக வந்தது. கொழுந்தனாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவரிடம் எத்தனை தடவை சொன்னாலும் பத்திரத்தில் பழைய மாடி விலாசமே இருக்கும். தீ, வெள்ளப் பாலிசி பத்திரத்தில் எழுதிய கட்டடத்துக்குத்தான். கீழ்த்தளத்தில் சரக்கு நனைந்தால், அங்கே எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று கம்பெனி சொல்லலாம். எனக்குக் கேட்டால் ஆபரேஷனுக்கு அடுத்தபடி அவசரம் இதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

வங்கிக் கிளை மேலாளருக்கும் பாலிசி கொடுத்த கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை எழுதுங்கள். புதிய கதவு எண், கீழ்த்தளம் என்பது, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். விலாசம் மாற்றிய இணைப்புத் தாள் கம்பெனியிடமிருந்து கைக்கு வரும்வரை விடாதீர்கள். வந்ததும் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தொகை. வங்கிகள் பெரும்பாலும் கடன் தொகைக்குத்தான் பாலிசி போடும். தீபாவளிக்கு முன் உங்கள் கிடங்கில் 20 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிசி 8 லட்சத்துக்கு. 5 லட்ச ரூபாய்ச் சேலை நாசமானால், 8 லட்சம் இருக்கிறதே, 5 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். கம்பெனி 8-ஐ 20-ஆல் வகுத்து அந்த விகிதத்தில்தான் தரும். 5 லட்சத்துக்கு 2 லட்சம். சிறு தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியாக இருந்தால் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்களுடையது 60 சதவீதம் குறைவு, அதில் அடங்காது. ஆண்டில் எந்த மாதம் சரக்கு உச்சத்தில் இருக்குமோ அந்தத் தொகைக்குப் போடுங்கள்.

சுங்குடிக்காரர்கள் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. முடிச்சுப் போடப் பெண்களின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய சேலைகள் உங்கள் கிடங்கில் இல்லை. பத்திரத்தில் தனியாக எழுதாவிட்டால் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. சாயம் போட வெளியே கொடுத்ததற்கும் இதுவேதான். எந்த வீட்டில் எத்தனை உருப்படி என்ற நோட்டைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தச் சரக்கையும் சேர்க்க முடியுமா என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

தண்ணீர் வந்தேவிட்டால் அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவர்க் கறையோடு படம் எடுங்கள். நனைந்த சேலைக் கட்டுகளை அப்படியே விட்டால் ஒரு சேலையின் சாயம் இறங்கி அடுத்ததையும் கெடுக்கும். காய்ந்ததையும் நனைந்ததையும் பிரிப்பது உங்கள் கடமை. இழப்பைக் கூடவிட்டால் கம்பெனி அதையே குறையாகச் சொல்லும். ஆனால் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை ஒன்றையும் குப்பையில் போடாதீர்கள், கழிவு விலைக்கும் விற்காதீர்கள். சாயம் இறங்கிய சேலைக்கும் மிச்ச மதிப்பு உண்டு, அதை அவர் கணக்கில் கழிப்பார். கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு, ஸ்டாக் புத்தகம் மூன்றும் மாடியில் இருக்கட்டும். சரக்குக்கு அடியில் ஓர் அடி உயர மரப்பலகை போடுங்கள்.

கொழுந்தனாருக்குத் தயங்காமல் போன் போட வேண்டிய நேரங்கள்

பிரச்சினை வந்த பின் பேசினால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஏஜென்டால் உங்களுக்குக் கிடைக்கும் உதவியில் பெரும்பகுதி பிரச்சினைக்கு முன்னால்தான் கிடைக்கும். அதற்காகத்தான் உங்கள் பிரீமியத்திலிருந்து அவருக்குக் கமிஷன் போகிறது. எவ்வளவு கமிஷன் என்று கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். ஆகவே கூச்சம் வேண்டாம்.

*கையெழுத்துக்கு முன்.* படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். பத்திரம் வந்ததும் கூடவே உள்ள படிவ நகலைப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு.

*வீட்டில் ஏதாவது மாறும்போது.* நாமினி மாற்றம் இந்த வகை. மாமியார் பெயர் அப்படியே இருந்து நாளை உங்கள் கணவருக்கு ஏதாவது நேர்ந்தால், பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு அலைவதில் தொடங்கி, சில நேரம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். இப்போது ஒரு படிவமும் கணவரின் கையெழுத்தும் போதும். மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் 39-ஆம் பிரிவின்படி அந்தப் பணத்துக்கு அவர்களே உரிமையாளர். மாற்றம் பதிவான ஒப்புகை கைக்கு வர வேண்டும். "போட்டுட்டேன் அண்ணி" என்பதை ஒப்புகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*புதுப்பிக்க இரண்டு மாதம் முன்பு.* பிரீமியம் ஏறியிருக்கிறதா, ஏன், ஏதாவது நிபந்தனை மாறியதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குடும்ப மருத்துவ பாலிசிக்கும் தனிநபர் ஆயுள் பாலிசிக்கும் ஜிஎஸ்டி கிடையாது. வரியோடு கணக்குச் சொன்னால் திருத்துங்கள். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கம்பெனியின் ஆப்பிலோ இணையதளத்திலோ நீங்களே கட்டுங்கள். ஏஜென்ட் வாங்கிய பிரீமியத்தை 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் கம்பெனிக்குப் பணம் போனால்தான் பாதுகாப்பு தொடங்கும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அந்த 30 நாளுக்குள் கட்டினால் பாலிசி தொடரும், ஆனால் கட்டாமல் விட்ட இடைவெளியில் வந்த ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வராது.

*ஆஸ்பத்திரி நிச்சயமானதும்.* இதற்குத்தான் இந்த வாரமே அவரைப் பிடிக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் பட்டியலில், இன்றைக்கும் இருக்கிறதா? அறை வாடகைக்கு வரம்பு எவ்வளவு? நாம் ஏதாவது சதவீதம் கட்ட வேண்டுமா? அறை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 5 லட்சம் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம் என்றிருந்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்து மூன்று நாள் இருந்தால் கையைக் கடிப்பது 9,000 ரூபாய் மட்டும் என்று தோன்றும். டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அவை 1,20,000 ரூபாய் என்றால் கிடைப்பது 75,000. ஆக மொத்தம் 54,000 ரூபாய் உங்கள் தலையில். மருந்து, மாத்திரைச் செலவில் இந்தக் குறைப்பு கிடையாது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. தாமதமானால் ஏஜென்டைக் கூப்பிட்டு அதைச் சொல்லி அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். கிளைம் நேரத்தில் உதவுவது அவர் கடமையும்கூட.

அவரால் முடியாத இடம்

கிளைமை மறுத்துவிட்டார்கள் என்றால் அதன் பிறகு ஏஜென்டிடம் பேசிப் பலனில்லை. "மேல பேசிட்டிருக்கேன்" என்று அவர் சொல்வதை நம்பி மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் காரணம் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாடு முழுவதும் அதன் எல்லைக்குள் வரும். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்கவும் கூடாது. உங்களைப் போன்ற குறுந்தொழில்களின் சரக்குப் பாலிசிப் புகாரும் அங்கே செல்லும்.

மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டு அவகாசம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஒரே விஷயத்துக்கு ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மேன் என்ற வரிசையில் போவது நல்லது.

உறவு கெட்டுவிடுமோ என்ற பயத்தைப் பற்றி. கடிதத்தில் படிவத்தை அவர் நிரப்பினார் என்ற வரி இருப்பதால், கம்பெனி அவரிடம் விளக்கம் கேட்கும். அது அவருக்குத் திடீரென்று தெரிய வரக் கூடாது. கடிதம் கொடுப்பதற்கு முன் உங்கள் கணவரும் நீங்களும் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். போனில் வேண்டாம். "தம்பி, ஆபரேஷன் வருது, நாங்க சர்க்கரையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்போறோம், நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கோம், நீங்களும் படிச்சுப் பாருங்க" என்று கடிதத்தை அவர் கையில் கொடுங்கள். திருத்தச் சொன்னால் தவறான தேதி, எழுத்துப் பிழை இவற்றைத் திருத்தலாம். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னால் எடுக்காதீர்கள். மறுநாள் காலை கிளை திறந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.